நாற்காலி கொடுத்தோம், நடையைப் பறித்தோம்

நம் பள்ளிவாசல்களின் ஸஃப்புகளைச் சற்றே திரும்பிப் பாருங்கள். முன்பெல்லாம் தூணோரம் ஒன்றோ இரண்டோ நாற்காலிகள் கிடக்கும். கால் முறிந்தவரும் தள்ளாத வயதினரும் அவற்றில் அமர்ந்து தொழுவர். இன்று ஜும்ஆ நாள்களில் ஸஃப்பின் இரு முனைகளிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் நாங்கள் தொழும் பள்ளிகளிலும் இதுவே நிலை. அமர்ந்து தொழுவோரின் தக்க காரணத்தை நாங்கள் ஐயுறவில்லை. அது அவருக்கும் அவருடைய இரட்சகனுக்கும் இடைப்பட்டது. எங்கள் கேள்வி அவர்களை நோக்கியதன்று, அவர்களுடைய பிள்ளைகளாகிய நம்மை நோக்கியது. இவர்களில் எத்தனை பேர் நோயினால் நாற்காலிக்கு வந்தார்கள்? எத்தனை பேரை நாமே நாற்காலியில் உட்கார வைத்தோம்?

எங்களுள் ஒருவரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். தாதிமா வுளூ செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, இரண்டு வாரங்களில் வலியும் தணிந்தது. ஆனால் அன்று முதல் அவர் எழ முயலும்போதெல்லாம், "நீங்க எழுந்திரிக்காதீங்க தாதிமா, நாங்க இருக்கோம்ல" என்று நான்கு குரல்கள் எழுந்தன. தண்ணீர் கட்டிலுக்கு வந்தது. உணவு கட்டிலுக்கு வந்தது. வுளூச் செய்யப் பாத்திரம் வந்தது. பிறகு, கழிப்பறைக்கும் நடக்க வேண்டாம் என்று துளையிட்ட நாற்காலி ஒன்றும் வாங்கப்பட்டது. உறவினர் அனைவரும் அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பாராட்டினர். அடுத்த ரமழானில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் தேவைப்பட்டனர். விழுந்தது அவரை முடக்கவில்லை. நாங்கள் பணிவிடை என்று நம்பிச் செய்தது முடக்கியது. இதை எழுதும்போது எங்கள் கை கூசுகிறது.

"வயசாயிடுச்சு, இனி என்ன செய்ய முடியும்?" என்று கேட்போர் ஒரு நபிமொழியையும் துணைக்கு அழைப்பதுண்டு. நோய்களுக்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள், முதுமை ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்துள்ளான் என்னும் கருத்தில் அபூதாவூத் தொகுப்பில் உஸாமா பின் ஷரீக் (ரலி) வழியாக வந்துள்ள செய்தி அது. முதுமைக்கு மருந்தில்லை என்பது உண்மைதான். ஆனால் நம் பெரியவர்களின் கால்களில் நாம் காண்பதெல்லாம் முதுமைதானா? அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடிய பிரார்த்தனைகளை எண்ணிப் பாருங்கள். இயலாமை, சோம்பல், தள்ளாமை ஆகிய மூன்றையும் அவர்கள் தனித்தனியே பெயர் சொல்லிப் பாதுகாவல் கேட்டுள்ளார்கள். மூன்றும் ஒன்றாயின் மூன்று சொற்கள் எதற்கு? நாமோ இயலாமையைத் தள்ளாமை என்று பெயர் மாற்றிவிட்டு, மருந்தில்லை என்று கைகழுவி நிற்கிறோம்.

மருத்துவம் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறது. 2001 இல் லிண்டா ஃபிரைடு என்னும் அமெரிக்க முதியோர் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் முதுமை நலிவுக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர். காரணமின்றி எடை குறைதல், ஓயாத சோர்வு, கைப்பிடி வலிமை குன்றுதல், நடை மெதுவாதல், உடலுழைப்பு அருகுதல் ஆகியவை அவை. மூன்று இருந்தால் அவர் நலிவுற்றவர். ஒன்றோ இரண்டோ இருந்தால் அந்தப் பாதையில் இருக்கிறார். ஐந்தையும் மீண்டும் படியுங்கள், இவற்றில் எது பிறந்த தேதியைக் கேட்கிறது?

அசையாமல் கிடப்பது என்ன செய்யும் என்பதற்கும் கணக்கு உண்டு. 2007 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயற்ற முதியவர்கள் சிலர் பத்து நாள்கள் மட்டும் படுக்கையில் வைக்கப்பட்டனர். அந்தப் பத்து நாள்களில் அவர்களுடைய கால்களிலிருந்து ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்தது. நோயில்லாதவர்க்கே பத்து நாளில் இந்த இழப்பு என்றால், நாம் "ஓய்வு" என்று கொடுக்கும் மூன்று மாதங்களை எண்ணிப் பாருங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியட்டரோன் என்னும் மருத்துவர், சராசரி 90 வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். 1990 இல் வெளியான அந்த ஆய்வின்படி அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடிற்று. கைத்தடி ஊன்றி நடந்தவர்களில் இருவர் அதை விட்டனர். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில், பெற்ற வலிமை கரையத் தொடங்கியதும் அதே ஆய்வில் பதிவாகியுள்ளது. தொண்ணூறிலும் தசை வளரும், ஆனால் பயிற்சி நின்றால் போய்விடும். குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று கற்றிருக்கும் சமுதாயத்துக்கு இது புரியாத கணக்கன்று.

"சரி, யார் சொல்லிக்கொடுப்பது? திருத்தணிக்கோ சோளிங்கருக்கோ வாரம் மூன்று முறை ஆட்டோ வைத்து அழைத்துச் செல்ல முடியுமா?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்த வட்டாரம் நெசவுக்குப் பெயர் பெற்றது. தறிக்குழியில் கால் மிதித்தும், பிறகு விசைத்தறியின் பக்கத்தில் நாள் முழுதும் நின்றும் உழைத்தவர்கள் இங்குள்ள பெரியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளோ கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகளுக்குச் சென்றுவிட்டார்கள். சிலர் அங்கேயே அறை எடுத்துத் தங்கி விடுமுறை நாளில் வருகிறார்கள், சிலர் கம்பெனிப் பேருந்தில் இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறார்கள். பகலில் வீட்டில் இருப்பவர் மருமகள் ஒருவரே. அவருக்கோ சமையல், பிள்ளைகளின் பள்ளி, குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்று ஆயிரம் வேலை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவும் முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவருவது மட்டுமன்றி, வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் ஓர் அங்கம். சர்க்கரை மாத்திரைக்காக அந்தத் தன்னார்வலரை எதிர்பார்க்கும் நம் வீடுகளில் எத்தனை பேர், "அத்தாவுக்கு நடக்கப் பயிற்சி வேண்டும், இயன்முறை மருத்துவரை அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறோம்? கேட்டால் வருவார். ஆனால் ஒரு வட்டாரத்தின் அத்தனை ஊர்களையும் சுற்றவேண்டிய அவரால், ஒரே வீட்டுக்கு வாரம் மூன்று முறை வர இயலாது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ 65 வயதைக் கடந்தோருக்கு வாரத்தில் குறைந்தது மூன்று நாள்கள் வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சி வேண்டும் என்கிறது.

மாதம் ஒருமுறை வரக்கூடிய மருத்துவருக்கும் வாரம் மூன்று முறை வேண்டிய பயிற்சிக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. நம் வீட்டில் தலையணைக்கடியில் கிடக்கும் கைப்பேசியை அந்தப் பள்ளத்தில் பாலமாகப் போடுங்கள் என்பதே எங்கள் வாதம். இது புதுமையும் அன்று. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான, முதியோர் விழுவதைத் தடுக்கும் வீட்டுப் பயிற்சித் திட்டம் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அதில் பயிற்றுநர் சில முறையே நேரில் வருவார். இடையிடையே தொலைபேசியில் அழைத்து ஊக்குவிப்பார். அன்று குரல் மட்டும் போயிற்று, இன்று முழங்காலும் தெரிகிறது.

செய்முறை எளிது. முதல் சோதனை நேரில்தான் நடக்க வேண்டும். நெஞ்சுவலி, அண்மையில் எலும்பு முறிவு, எழுந்ததும் தலைசுற்றல், கட்டுப்படாத இரத்த அழுத்தம் ஆகியவை உள்ளவரை மருத்துவர் பார்க்காமல் எழுப்பாதீர்கள். அவர் இசைவு தந்தபின், கைப்பிடியுள்ள கனமான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து, முகத்துக்கு நேராக அல்லாமல் பக்கவாட்டில் வையுங்கள். பயிற்றுநருக்கு முகம் தேவையில்லை. இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றும் தெரிய வேண்டும். எழும்போது உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, முழங்கால் உள்ளே மடிகிறதா, மூச்சை அடக்குகிறாரா என்பதையெல்லாம் அவர் அங்கிருந்தே கண்டு திருத்துவார். உட்கார்ந்து எழுதல், மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துதல், காலைப் பக்கவாட்டில் தூக்குதல், ஒரு பாதத்தின் முன் மறு பாதம் வைத்து நிற்றல் ஆகியவையே பெரும்பாலும். முதல் வாரம் ஐந்து முறை எழ முடிந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஐந்து எளிதானதும் எட்டு, பிறகு கையை ஊன்றாமல் எட்டு. எளிதாகவே இருக்கும் பயிற்சி வலிமை தராது. இடையில் நெஞ்சு இறுகினால், கண் இருண்டால், கால் வலி கூர்மையாக ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள்.

முன்னேற்றத்தை அளப்பதற்கும் கைப்பேசியிலுள்ள நிறுத்தற்கடிகாரம் போதும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து அமர எத்தனை நொடி ஆகிறது? 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல். நாள்காட்டித் தாளில் தேதியும் நொடியும் குறித்துவையுங்கள். 22 என்பது 18 ஆவதைக் கண்ணால் காணும் பெரியவருக்கு நாம் வேறு ஊக்கம் சொல்லத் தேவையிருக்காது.

இதனால் பயனுண்டா என்று கேட்பவருக்கு, சிட்னியில் 70 வயதைக் கடந்த 503 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறோம். கையடக்கக் கணினி வழியே வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்யும் 'ஸ்டாண்டிங்டால்' என்னும் திட்டத்தைப் பற்றியது அது. 2021 இல் வெளியானது. முதல் ஓராண்டில், பயிற்சி செய்தோர்க்கும் செய்யாதோர்க்கும் விழும் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாண்டு முடிவில், செய்தோர் விழுந்தது 16 விழுக்காடு குறைந்திருந்தது. காயம்பட விழுந்தது 20 விழுக்காடு குறைந்திருந்தது. நாங்கள் முதல் ஓராண்டை மறைக்கவில்லை. பதினைந்து நாள் செய்துவிட்டு "ஒன்றும் தெரியலையே" என்று விடுபவர்களுக்காகவே அதைச் சொல்கிறோம்.

இனி எதிர்ப்புகள். கைப்பேசியே ஃபித்னா, அதை முதியவர் முன் ஏன் வைக்க வேண்டும் என்பார் சிலர். அவர்களுடைய வீட்டிலும் அது இருக்கிறது, இஷாவுக்குப் பின் நள்ளிரவு வரை யாருடைய முகத்திலோ ஒளி வீசிக்கொண்டும் இருக்கிறது. பேரன் பார்ப்பதற்கு ஃபித்னாவாகாதது, தாதிமா எழுந்து நிற்பதற்கு மட்டும் ஃபித்னாவாகிவிடுமா?

பெண்களின் பர்தா பற்றிய கவலை அப்படித் தள்ளத்தக்கதன்று. அது மெய்யான கவலை. உண்மையில், நம் மூதாட்டிகள் பலர் இயன்முறை சிகிச்சையைத் தவிர்ப்பதற்கு இதுவே காரணம். அந்நிய ஆண் ஒருவர் கால் தொட்டுப் பயிற்சி கொடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை, வெளியில் சொல்லவும் கூசி, "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் இங்கேதான் கைப்பேசி பர்தாவுக்குப் பகையாகாமல் துணையாகிறது. பக்கத்து ஊரில் பெண் பயிற்றுநர் இல்லாவிட்டாலும், சென்னையிலோ வேலூரிலோ இருக்கும் ஒரு பெண் இயன்முறை மருத்துவர் திரையில் வர முடியும். தொட வேண்டிய இடத்தில் மகளோ மருமகளோ தொடுவார். ஆடை தளர்வாக இருக்கட்டும், பாதத்தில் சிக்கும் நீளம் மட்டும் வேண்டாம். அழைப்பைப் பதிவு செய்யக் கூடாது. பயிற்சி செய்யும் பெரியவரைப் படம்பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பவர்களை நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம். அவருடைய தள்ளாட்டம் அவருடைய மானம். "பாருங்க, எங்க நன்னிமா ஜிம்முக்குப் போறாங்க" என்று சிரிப்பதற்கான பொருளன்று.

மற்றொரு சாரார், "ஐவேளைத் தொழுகையே முழுமையான உடற்பயிற்சி, வேறெதற்கு?" என்று கேட்கிறார்கள். அறிவியல் நிரூபித்துவிட்டது என்று ஊர் பேர் தெரியாத விஞ்ஞானி ஒருவரின் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள்தாம் இவர்களுடைய ஆதாரம். தொழுகை அல்லாஹ்வுக்குச் செய்யும் வணக்கம். அதை உடற்பயிற்சி என்று விளம்பரம் செய்வோர் அதன் மதிப்பை உயர்த்தவில்லை, இறக்குகிறார்கள். ருகூஃவும் ஸுஜூதும் நின்றெழுதலும் உடலுக்கு நன்மை பயக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாற்காலியில் அமர்ந்து தலையசைத்துத் தொழுபவருக்கு அந்த நன்மையும் கிட்டவில்லையே! எனவே முறையைத் திருப்பிப் பாருங்கள். தொழுகையைப் பயிற்சியாக்காதீர்கள், தொழுகையில் நிற்பதற்காகப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். உடல்நலம் குன்றியிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தந்த வழிகாட்டுதலில் முதலிடம் நிற்பதற்கு, அது இயலாவிட்டால் அமர்வதற்கு, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுப்பதற்கு. சலுகை இயலாதவருக்கு உரியது. இயல்வதை இயலாமையாக்கும் உரிமையை அது பிள்ளைகளுக்குத் தரவில்லை.

கருவி விற்பவர்களையும் நம்பிவிடாதீர்கள். விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டால் அத்தா நடந்துவிடுவார் என்று நினைத்து, பிறகு அது மின்னேற்றப்படாமல் அலமாரியில் கிடப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் பேசும் செயலி அறுபதாண்டு தமிழும் உருதும் பேசிய காதில் ஏறாது. யூடியூபில் யாரோ இளைஞர் குதிப்பதைப் போட்டுவிட்டு "இதைப் பாத்துச் செய்யுங்க" என்று அகல்வது பயிற்சியாகாது, ஆபத்து. நம் உடலைப் பார்த்து நமக்குச் சொல்லும் ஒருவர் திரையின் அந்தப் பக்கம் வேண்டும். விழுந்தால் தாங்கும் ஒருவர் இந்தப் பக்கம் வேண்டும். இரண்டாமவரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அந்த இரண்டாமவர் மருமகளாகவே இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை என்பதையும் ஆண்களுக்குச் சொல்லிவிடுகிறோம். இரவுப் பணி முடிந்து வந்து உறங்கி எழுந்த மகனுக்கு அஸருக்கு முன் இருபது நிமிடம் கிடைக்காதா? துபாயிலிருந்தும் ஜித்தாவிலிருந்தும் அழைக்கும் பிள்ளைகளே, நீங்களும் நாள்தோறும் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு அழைப்பை முடிக்கிறீர்கள். அருள்மறையின் 17ஆம் அத்தியாயம், முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் சிறு ஒலியைக்கூட எழுப்பக் கூடாது என்று தடுக்கிறது என்பதை அறிந்தவர்கள்தாம் நீங்கள். தாயின் முழங்கால் தெரியும்படி கைப்பேசியை வைக்கச் சொல்லி, அருகில் தங்கையை நிறுத்தி, அவர் எழுந்து அமர்வதை இங்கிருந்து பத்துவரை எண்ணுங்கள். பணம் அனுப்பும் பிள்ளையின் குரலுக்கு அந்த வீட்டில் இருக்கும் மதிப்பு வேறு எந்தப் பயிற்றுநருக்கும் கிடையாது. நாங்கள் எத்தனை முறை சொல்லியும் எழாதவர்கள், "உம்மா, எனக்காக இன்னொரு தரம்" என்ற ஒரு சொல்லுக்கு எழுவார்கள்.

கடைசியாக ஜமாஅத் நிர்வாகிகளுக்கு. சக்கர நாற்காலி வழங்கும் விழாக்கள் நடத்துகிறீர்கள், அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும். அவ்விழாவில் நாற்காலியைப் பெறுபவர் அதிலிருந்து எழக்கூடியவரா என்று பார்க்க ஓர் இயன்முறை மருத்துவரை ஒருமுறையாவது அழைத்ததுண்டா? வெளியூர் உலமாக்களின் பயானைக் காட்டுவதற்கு வாங்கிய பெரிய திரை பல பள்ளிகளில் இருக்கிறது. வாரம் மூன்று நாள் அஸருக்குப் பின் அரை மணி நேரம், மதரஸாக் கூடத்தில் ஆண்களுக்கு அதில் பயிற்சி நடக்கட்டும். பெண்களுக்குத் தனி நேரம், தனி இடம், பெண் பயிற்றுநர். அவருக்கு உரிய ஊதியத்தை ஸதக்காவிலிருந்து கொடுங்கள். ஸகாத் நிதியைத் தொடுவதற்கு முன் ஆலிமிடம் கேளுங்கள், அதற்கு உரியோர் வரையறுக்கப்பட்டுள்ளனர். முஹல்லாவின் இளைஞர் ஒருவர் திரையை இயக்கட்டும், நால்வர் பெரியவர்களின் பக்கத்தில் நிற்கட்டும். வர இயலாதவர்களின் பட்டியலை எடுத்து, வாரம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக் கொடுத்துவிட்டு வரட்டும்.

ஒன்று மட்டும்: பள்ளியில் இப்போது கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். எடையின்றி வழுக்கும், கால் அகன்று உடையும். கைப்பிடி வைத்த மர நாற்காலிகள் பத்து செய்து, பின்பக்கம் சுவரைத் தொடும்படி போடுங்கள்.